இரண்டு தட்டு

அல்சூரிலிருந்து கிளம்பிக் கெங்கேரி தாண்டுவதற்குள் அப்பா பலமுறை பிரேக் போட்டுவிட்டார். காரை ஓட்டியது ஜாய்சன். பக்கத்து இருக்கையிலிருந்த அப்பா வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.

வீணா அக்கா ஜாய்சனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னதும் உறவுக்காரர்கள் மதத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். பஸ் ஓட்டி ரிட்டயரான ஆதிகேசவனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அது சில்லறை விஷயம். "மைசூர் வரைக்கும் ஓட்டட்டும். அப்புறம் சொல்றேன்" என்றார். அதுவும் பழைய ரோட்டில். எக்ஸ்பிரஸ்வேயில் யார் வேண்டுமானாலும் ஓட்டுவார்களாம்.

ராமநகரத்தில் இறங்கினோம். பாறைகள் கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்குக் காத்திருக்கும் பெரிய மனிதர்களைப் போல உட்கார்ந்திருந்தன. அம்மா போட்டோ எடுத்தாள். அப்பா டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"கிளச்சு மேல இன்னா கோவம் ஒனக்கு?"

"கோவம் இல்ல அங்கிள். பயம்."

அப்பாவின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பா, ஏப்பமா, தெரியவில்லை.

மத்தூரில் வடை சாப்பிட்டோம். அம்மா கை கழுவப் போனாள். நாங்கள் வண்டியில் ஏறிக்கொண்டோம். அப்பா மடியில் பார்சல் வடையோடு, ஜன்னல் வழியே கையை விட்டுக் கதவில் இரண்டு தட்டு தட்டினார். காலமெல்லாம் கண்டக்டர் தட்டக் கேட்டு வண்டி எடுத்தவர். கை தானாகப் போய்விட்டது. ஜாய்சன் உடனே எடுத்தான்.

அக்கா கண்ணாடியில் ஜாய்சனின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் நடுவில் இருந்த காலி இடம் எனக்குத் தெரிந்தது. காற்று நன்றாக வந்ததால், வேறு யாராவது கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

கரும்புத் தோட்டம் வந்தபோது அப்பா திரும்பாமலே ஒரு வடையைப் பின்னால் அம்மாவுக்கு நீட்டினார். "முத்தம்மா, இந்தா."

வடை அந்தரத்தில் நின்றது.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா ஹோட்டல் வாசலில் ஈரக்கை காய்ந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்துப்போன ஜாய்சன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

"ஏம்பா, இன்னும் கல்யாணமே ஆவல. அதுக்குள்ள மாமியார நடுரோட்ல வுட்டுட்டியா?"

"சாரி ஆன்ட்டி. நான் பாக்காம..."

"அவன ஒண்ணும் சொல்லாத" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி. "தட்டனது நானு. ரெண்டு தட்டுக்கு வண்டி எடுக்கலன்னா அவன் டிரைவரே இல்ல."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். சந்தோஷத்தில்தான் இருக்கும். வலி என்னவோ வழக்கமானதுதான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தில் காவிரி மினுங்கியது. அம்மா கும்பிட்டாள். பாலம் முடியும் இடத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. ஜாய்சன் பிரேக்கை மெல்ல அழுத்தினான். நான் முன்னால் எட்டிப் பார்த்தேன்.

அப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பைவிட்டு வெளியே வந்திருந்த வலது கால், உதிர்ந்த வடைத்தூளின் மேல், அசையாமல் கிடந்தது.