நாற்பத்தொன்றாம் ஸ்லைடுக்கு முழு மார்க்

தைராய்டுக் கட்டிக்குள் ஊசியை விட்டு, சோதனைக்கான செல்களைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது நல்லதா, உறிஞ்சாமல் வெறும் ஊசியில் தானாக ஏறுவதை எடுப்பது நல்லதா? இதற்கு விடை தெரியாமல் உலகம் தூக்கமின்றித் தவிப்பதாகப் பேராசிரியர் நம்பினார். மாநாட்டு மேடையில் போட்டுக்கொள்ளக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டுத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

கோட்டுக்கு அளவெடுத்தவள், ஊசியில் வந்ததைத் தடவிய கண்ணாடி ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றும் லேப் டெக்னீஷியனின் தங்கை. அவள் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. வரிசையில் நிற்க வேண்டாமே என்று அண்ணன் அவளையும் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டார். ஒரே கட்டியில் இரண்டு ஊசி. எண் நாற்பத்தொன்று.

"ஒரு ஊசி பத்தாதாண்ணா?"

"ரெண்டுக்கும் போட்டிம்மா."

"மைதானத்துக்கு என் கழுத்துதான் கெடச்சுதா?"

மார்க் போடும் தாளைத் தயாரித்ததும் அண்ணன்தான். ரத்தம் கலந்திருக்கிறதா, செல்கள் எவ்வளவு, சிதையாமல் இருக்கின்றனவா என்று வரிசையாகக் கட்டங்கள். "ஒரே பக்கத்துல அடக்குய்யா" என்றார் பேராசிரியர். கடைசியில் இருந்த 'நோய் என்ன?' என்ற கட்டத்தை அண்ணன் எடுத்ததும் அடங்கியது. "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டினார். அதுதான் வழக்கமான ரிப்போர்ட்டில் வருமே என்று அண்ணன் நினைத்தார். ஸ்லைடு பார்த்த டாக்டர்களோ தாளில் கேட்டதற்கு மட்டும் மார்க் போட்டார்கள்; ரிப்போர்ட்டை வேறு யாராவது எழுதுவார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

மூன்று மாதம் போயிற்று. தங்கை கேட்டபோதெல்லாம், "ஏதாவது இருந்தா சொல்லாமயா இருப்பாங்க?" என்றார் அண்ணன். அவள் தலையாட்டிவிட்டு மெஷினில் குனிந்துகொண்டாள். அதற்குள் தன் சட்டையின் கழுத்தை இரண்டு தடவை பிரித்துப் பெரிதாக்கியிருந்தாள்.

மாநாட்டுக்கு முந்தின வாரம் ஒத்திகை நடந்தது. திரையில் நாற்பத்தொன்று வந்து நின்றது.

"பாருங்க, சொட்டு ரத்தம் இல்ல. செல்லு கொட்டிக் கெடக்கு. உறிஞ்சாத ஊசிக்கு முழு மார்க்" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனும் தட்டினார், சாயம் அவருடையதாயிற்றே. பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்த லேடி டாக்டர் மட்டும் எழுந்தாள்.

"சார், இது கேன்சர் சார்."

"இருக்கட்டும்மா. என்ன இருக்குன்னு யாரு கேட்டா? எவ்வளவு இருக்குங்கறதுதான் நம்ம கேள்வி." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே ஏதோ உறைத்தது. "ரிப்போர்ட் போயிருக்கும்ல?"

ஸ்லைடு பார்த்த டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணனின் கைகள் தட்டின நிலையிலேயே நின்றன.

லேடி டாக்டர் அண்ணனை வெளியே அழைத்துப்போனாள். நாற்பத்தொன்று தன் தங்கை என்று அவர் சொன்னதும் கேட்டாள். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. குரல் கம்மிப்போயிருக்கா?"

"சளின்னு சொன்னேன் டாக்டர். நான்தான் சொன்னேன்."

அண்ணன் தையல் கடைக்குள் நுழைந்தபோது தங்கை கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டு ரெடி. உங்க சாருக்கு நெஞ்சு சின்னதுதான், நிமித்திக் காட்டுறதுலதான் அளவே தப்பிப்போச்சு." குரல் பாதியில் காற்றாகப் போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "போட்டி என்னாச்சு? எந்த ஊசி ஜெயிச்சுது?"

"உறிஞ்சாதது."

"என் ஸ்லைடு?"

"முழு மார்க்."

அவள் சிரித்தாள். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் சட்டைக் கழுத்தில் பிரித்துத் தைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெதுவாக அடங்கியது. ஊசியைக் கோட்டின் ஓரத்தில் குத்தி வைத்தாள்.

"சொல்லுண்ணா."