ஆல்வின் கூப்பிட்ட எட்டுப் பெயர்கள்

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்தது இரக்கத்தால் அல்ல. ஒரு மனிதர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை. நான்கு மாதமாக அது என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் உறுத்துகிறது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘ஷ்ராப்ஷயர் குன்றுகளில் வசந்தம் இறங்கியபோது பத்து நண்பர்கள்…’

‘நண்பர்கள்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

இரண்டாவது வரைவு: ‘காலணிக் கயிற்றைக் கணவருக்குக் கட்டிவிட்டுத்தான் கிளெனிஸ் தன்னுடையதைக் கட்டினாள்.’ இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

2

கட்டிவிட்டு நிமிர்ந்தாள். அறுபத்தொன்பது வயது, முதுகு பிடித்துக்கொண்டது. ஆல்வின் பொறுமையில்லாமல் கைத்தடியைத் தட்டினார். முப்பது வருடம் தபால்காரராக அந்தப் பக்கத்து ஊர்களை நடந்தே அளந்தவர். வியாழக்கிழமை நடைக்குழுவைத் தொடங்கியதும் அவர்தான். கால்களில் ஒரு குறையும் இல்லை. நினைவுதான் ஓட்டைப் பானையாகிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் அவர் ஒரு வேலிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தார். குட்டிகளோடு பதினோரு ஆடுகள் சாலைக்கு வந்துவிட்டன. பண்ணைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

“யாரு கதவ மூடாம வந்தது?” என்றார் ரோலண்ட். ஆல்வினுக்குப் பிறகு குழுவை நடத்துபவர்.

“நான்தான். மறந்துட்டேன்,” என்றாள் கிளெனிஸ்.

எல்லோருக்கும் உண்மை தெரியும். அன்றிலிருந்து அவள் ஆல்வினின் கையை விடவில்லை.

“இந்த வயசுல என்ன கை கோத்துக்கிட்டு? நேத்து கல்யாணம் ஆனவங்க மாதிரி,” என்று கூட நடந்த பெரில் சீண்டினாள்.

“உனக்கு ஏன்டி வயித்தெரிச்சல்?” என்று கிளெனிஸ் சிரித்தாள்.

(சிரித்தாளா? நான் ஐம்பதடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அவள் சிரித்திருந்தால் எனக்கு வசதி. அதனால் சிரிக்க வைத்திருக்கிறேன்.)

ஜூலையில் பப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆல்வின் காணாமல் போனார். பெரணிப் புதர்களுக்குள் இரண்டு மணி நேரம் கத்திக்கொண்டு அலைந்தோம். ஓடையில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்? ஃப்ளாஸ்க்ல டீ ஆறிப்போச்சு,” என்றார்.

நாங்கள் சிரித்தோம். ரோலண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளெனிஸ் முட்டி போட்டு, தன் கைக்குட்டையால் அவருடைய பாதங்களை விரல் விரலாகத் துடைத்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

3

அக்டோபரில் ரோலண்ட் வீட்டுச் சமையலறையில் கூடினோம். பெரில் பிளம் கேக் கொண்டுவந்திருந்தாள். ஆல்வினையும் கிளெனிஸையும் கூப்பிடவில்லை.

“அவர்மேல யாருக்கும் கோபம் இல்ல,” என்று ரோலண்ட் ஆரம்பித்தார். “ஆனா நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பாவம், எவ்வளவுன்னுதான் தாங்குவா,” என்றாள் பெரில்.

“சரி, யாரு போய்ச் சொல்றது?”

கேக் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

(மூன்றாவது வரைவில் இந்த இடத்தில் நான் எழுந்து, “இது அநியாயம்” என்கிறேன். ஒன்றரைப் பக்க வசனம், வாசித்தால் எனக்கே கண் கலங்கியது. வெட்டிவிட்டேன். உண்மையில் நான் இன்னொரு துண்டு கேக் கேட்டேன்.)

கடைசியில் பத்துப் பேருக்கும் ஒரு மின்னஞ்சல் போனது: பாதைகள் சேறாகிவிட்டதால் மார்ச்வரை நடை இல்லை. பத்து நிமிடத்தில் இன்னொன்று, அவர்கள் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு: வழக்கம்போல் வியாழன், அடுத்த ஊர் சர்ச் வாசலிலிருந்து.

4

நடை இல்லை என்பதை ஆல்வினுக்கு யார் புரியவைப்பது? நாள் கிழமை மறந்தவர், வியாழன் ஒன்பது மணிக்கு மட்டும் காலணியோடு வாசலில் உட்கார்ந்துவிடுவார். வேறு வழியில்லாமல் கிளெனிஸ் தனியாகவே அவரைக் கூட்டிப் போனாள்.

ஜனவரியில் ஒருநாள் புல்லெல்லாம் உறைபனி. மேலே முகட்டில் வரிசையாக எட்டுக் குளிர்ச்சட்டைகள். யாரோ வெளியூர்க்காரர்கள் என்று அவள் நினைத்தாள். அன்று காலைதான் ஆல்வின் அவளைத் தன் தங்கை என்று நினைத்து, “உன் புருஷன் எங்க?” என்று கேட்டிருந்தார்.

அவர் கைத்தடியைத் தூக்கினார்.

“கிளெனிஸ், நம்ம ஆளுங்க பாரு. முன்னால போறது ரோலண்ட். அந்த நீலச் சட்ட பெரில்.”

பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எட்டுப் பெயரும் சரி. காற்று முகட்டிலிருந்த எங்கள் பக்கம்தான் வீசியது.

“திரும்பாதீங்க,” என்றார் ரோலண்ட். “அப்படியே நடங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

கடைசியாக வந்தது என் பெயர். எழிலரசி என்பதை ழகரத்தோடு சொல்ல ஒரு வாரம் பழகியவர் அவர். மற்றவர்களுக்கு நான் ‘எலி’. முழுப் பெயரும் தெளிவாக வந்தது. நான் குளிர்ச்சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டு…

இழுத்துவிட்டு நடந்தேன்.

கீழே கிளெனிஸ், “இல்ல ஆல்வின், அது வேற யாரோ,” என்றாள்.

அவர் வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்படியா? எனக்குத்தான் எல்லாம் குழம்பிப்போச்சு போல,” என்றார்.

அதன்பிறகு வியாழக்கிழமைகளில் அவர் காலணியைத் தொடவில்லை.

5

மார்ச் கடைசியில் ஆல்வினை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அந்த வாரமே ரோலண்ட் கிளெனிஸுக்கு எழுதினார்: ‘பாதை காய்ந்துவிட்டது. இனி உனக்கும் நேரம் இருக்குமே. வந்தால் மகிழ்ச்சி.’

அவள் வராமலே இருக்கும் ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். வந்து, எல்லோரையும் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கும் முடிவையும் எழுதினேன். இரண்டாவதில் ரோலண்ட் தலைகுனிகிறார். அவர் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.

அவள் வந்தாள். எல்லோரையும் கட்டிக்கொண்டாள். இல்லத்துச் சாப்பாடு ஆல்வினுக்குப் பிடித்திருக்கிறது என்றாள். ஏற்றத்தில் மற்றவர்களை முன்னே போகவிட்டு என்னோடு நடந்தாள். உறைபனி நாளில் கீழே நடந்ததையெல்லாம் குரல் உயர்த்தாமல் அப்போதுதான் சொன்னாள். அவர் தன்னையே சந்தேகப்பட்டதையும் சொன்னாள்.

பிறகு நின்றாள்.

“உன் பேரையும் கூப்பிட்டாரு எலி. கேட்டுச்சா?”

நான் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். ‘கேட்டது’ என்று போட்டால், உண்மையாவது பேசினாளே என்று என்னை மன்னித்துவிடுவீர்கள். ‘காற்று அதிகம், கேட்கவில்லை’ என்று போட்டால், இவளைவிட நாம் மேல் என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். இரண்டையும் நான் தரப்போவதில்லை. அக்டோபரிலிருந்து நீங்களும் எங்களோடுதான் நடக்கிறீர்கள்.

மற்றவர்கள் முகட்டைத் தாண்டிவிட்டார்கள். கிளெனிஸ் மூச்சு வாங்கியபடி நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.