மண்புழுவுக்குக் கீழே தேனீ

பிள்ளைகள் மைதானத்தில் விளையாட்டு வாத்தியாரிடம் இருந்தார்கள். அந்த நாற்பது நிமிடத்துக்குள் முப்பத்திரண்டு தாள்களைத் திருத்தியாக வேண்டும். இரண்டாம் வகுப்பு டீச்சருக்கோ கண்ணை இழுத்துக்கொண்டு போயிற்று. வீட்டில் கடைக்குட்டிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். டீச்சர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளைக் கேட்டால், விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள்.

பன்னிரண்டு வாரத்துக்கு முன்பு தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்ன வேலை இது. பிள்ளைகள் கணீரென்று வாசிக்கிறார்கள், என்ன வாசித்தாய் என்று கேட்டால் மட்டும் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். கதை வேண்டாம், எறும்பு, மழை, பல், சக்கரம் என்று உண்மைச் செய்தியாக ஐந்தைந்து வரி எழுதி, கீழே ஐந்து கேள்வி கேளுங்கள் என்றார். டீச்சரும் அடுப்பில் ஒரு கண், தாளில் ஒரு கண்ணாக எழுதினாள். செய்தியை ஒரு துண்டிலும் கேள்விகளை ஒரு துண்டிலும் எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி ஜெராக்ஸ் எடுப்பாள். மண்டையைக் குடைந்துகொள்ள நேரமில்லாததால் முதல் கேள்விக்கு முதல் வரியில் விடை, இரண்டாம் கேள்விக்கு இரண்டாம் வரியில். ஐந்து வரைக்கும் அப்படியே.

நான்காவது வாரத்திலிருந்து வகுப்பே ஐந்துக்கு ஐந்து வாங்கியது. தலைமையாசிரியை வராண்டாவில் நிறுத்திப் பாராட்டினார். பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

ஒரே ஒருத்திதான் தேறவில்லை. மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காரும் சிறுமி. வகுப்பில் அவளுக்கு ஆமை என்று பெயர். பத்து நிமிடம் முடிந்து தாளை வாங்கும்போது இரண்டு கேள்விக்கு மேல் எழுதியிருக்க மாட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வராண்டாக் கோடியில் தனி அறை இருந்தது. அங்கே போன பிள்ளை அந்த வருஷம் பழைய வகுப்புக்குத் திரும்பியதே இல்லை. அவளை அங்கே அனுப்பலாம் என்று டீச்சரே காலையில் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டாள். நாலு மணிக்கு அது தலைமையாசிரியையிடமிருந்து கவரில் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும்.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். சரி, சரி, சரி. கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போயிற்று. பதினோரு தாள் முடிந்து பன்னிரண்டாவதாக வந்தது ஆமையின் தாள். விடை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே, கோணல்மாணலாக ஒரு வரி இருந்தது.

'தேனீ எங்கே இருக்கு டீச்சர்? மூணு தடவை தேடிட்டேன்.'

டீச்சர் அப்போதுதான் தாளின் மேல்பாதியை வாசித்தாள். 'மண்புழு ஈர மண்ணில் வாழும். அது காய்ந்த இலைகளை உண்ணும். அதற்குக் கண்கள் இல்லை.' கீழ்ப்பாதியில், 'தேனீ எங்கே வாழும்? தேனீ என்ன உண்ணும்? தேனீக்கு எத்தனை கண்கள்?' அடுத்த வாரக் கேள்வித் துண்டைத் தூக்கக் கலக்கத்தில் இந்த வாரத் தாளில் ஒட்டியிருக்கிறாள்.

தூக்கம் போன இடம் தெரியவில்லை. திருத்திய தாள்களைப் புரட்டினாள். தேனீ ஈர மண்ணில் வாழும். சரி. தேனீ காய்ந்த இலைகளை உண்ணும். சரி. தேனீக்குக் கண்கள் இல்லை. அதற்கும் அவள் கையாலேயே ஒரு சரி. மிச்சத் தாள்களிலும் அதே கதைதான். முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரு தேனீயைப் பிடித்து மண்ணுக்குள் புதைத்திருந்தார்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் காலையில் எழுதிக் கொடுத்த படிவம் ஞாபகம் வந்தது.

மைதானத்துக்கு ஓடினாள். ஆமை வேப்பமர நிழலில் தனியாக நின்றாள்.

"கண்ணு, மத்த தாள்லயெல்லாம் ஏன் பாதிய விட்டுட்டு விட்டுட்டு வந்தே?"

திட்டு விழப்போகிறது என்று அவள் பாவாடையைத் திருகினாள். "படிச்சிட்டே இருந்தேன் டீச்சர்."

"பத்து நிமிஷமாவா?"

"எறும்பு தன்னைவிடப் பெரிசைத் தூக்கும்னு போட்டிருந்துச்சே. எப்படித் தூக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். அதுக்குள்ள வாங்கிட்டீங்க."

டீச்சருக்கு அவமானமாக இருந்தது. அந்த வரியை எழுதியவள் அவள்தான். ஒரு நிமிடம்கூட அதை நினைத்துப் பார்த்ததில்லை.

டீச்சர் கொண்டுபோய்க் கொடுத்த தாள்களைத் தலைமையாசிரியை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு ஒட்டுத் தப்புக்காக இவ்வளவு பதறணுமா டீச்சர்? இந்த வாரத்தை விட்டுடுங்க. மத்த பதினோரு வாரமும் நல்லாத்தானே பண்ணியிருக்காங்க."

"இல்ல மேடம். இத்தனை வாரமா இதேதான் நடந்திருக்கு. வரியைப் பாத்து எறக்கி வெச்சிருக்காங்க. படிச்சது அவ ஒருத்திதான். அந்தப் படிவத்தைக் குடுத்துடுங்க."

"உங்க வகுப்பு அறிக்கையும் அதே கவர்லதான் இருக்கு. இதை நிறுத்தினா அதையும் நிறுத்தணும். அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும், தெரியுமில்ல?"

தெரியும். மறுபடி எறும்பு, மறுபடி மழை, மறுபடி பசை. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணமும் வராமல் இல்லை.

தலைமையாசிரியை கவரிலிருந்து படிவத்தை உருவினார். "அவங்கம்மா மத்தியானம் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. படிச்சுப் பாருங்கன்னேன். டீச்சர் எழுதினா சரியாத்தான் இருக்கும், நான் படிக்கணுமான்னாங்க."

டீச்சர் கை நீட்டிப் படிவத்தை வாங்கி, குறுக்கே கிழித்தாள்.

"அப்போ இந்த முப்பத்தொரு பேருக்கு என்னதான் போடறது?" என்றார் தலைமையாசிரியை.

"புரியலைன்னு போடுங்க மேடம்" என்றாள் டீச்சர். "தப்பு அவங்க மேல இல்லைன்னும் போடுங்க."