டி டிரைவில் இருந்த புதன்கிழமை

“ஃபார்மேட் அடிச்சதே நான்தான்க்கா” என்றான் எலியாஸ். என் கையில் அந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் இல்லாதிருந்தால் அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன்.

லாங் பஜாரை ஒட்டிய சந்தில், மாடியில் அவன் கடை. ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வேலூர் வந்து, கைவண்டிகளுக்கு நடுவே இடிபட்டு, படியேறி மூச்சு வாங்கினால் இந்தச் சேதி. சொந்தச் சித்தி மகன். திட்டினால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிவதற்குள் சித்தி காதுக்குப் போய்விடும். போகட்டும் என்று திட்டினேன்.

“அழிக்கச் சொல்லி யார்றா சொன்னது?”

“உங்க மேனேஜர் ஆதிகேசவன் சார்தான். வைரஸ் பூந்துச்சி, சி, டி ரெண்டையும் தூக்கிட்டு ஒண்ணாக்கி விண்டோஸ் போடுன்னாரு. போட்டேன்.”

“உள்ள இன்னா இருக்குன்னு கேக்க மாட்டியா? வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?”

அவனை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. இந்த 2001-ஆம் வருஷத்தில் எங்கள் ஊர் சர்வீஸ்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஃபார்மேட். பிரிண்டர் தாளை இழுக்காவிட்டாலும் ஃபார்மேட், மவுஸ் ஓடாவிட்டாலும் ஃபார்மேட். அதனால்தான் ஃபார்மேட் என்று ஆபீஸில் காதில் விழுந்தபோது எனக்கும் சந்தேகம் வரவில்லை. அதை நினைக்க நினைக்க என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். போன மாதம் ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்கு, சௌந்தர்யா என்கிற இருபது வயதுப் பெண்ணின் வலது கையில் இரண்டு விரல்களை மெஷின் எடுத்துக்கொண்டது. தோல் துண்டுகளில் நம்பர் குத்துகிற பிரஸ் அது. கம்பெனி என்ன எழுதிக் கொடுத்தது தெரியுமா? அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லையாம். யாரையோ பார்க்க உள்ளே நுழைந்து, விளையாட்டாக மெஷினில் கை வைத்தாளாம். விளையாட்டாம்!

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அவள் அன்றைக்கு வேலையில் இருந்தாள் என்று காட்டாவிட்டால் கேஸ் அத்தோடு முடிந்தது. கூட வேலை செய்தவர்கள் வாய் திறக்க பயந்தார்கள். எங்களிடம் காகித ரிஜிஸ்டர் கிடையாது. தினமும் காலையில் நான் கம்ப்யூட்டரில், டி டிரைவில் அடிப்பதுதான் அட்டெண்டன்ஸ். விபத்து நடந்த மூன்றாம் நாள் அதைத்தான் அழித்திருக்கிறார்கள்.

சௌந்தர்யாவின் அம்மா தேவகியிடம் நான் அடித்துச் சொல்லியிருந்தேன். “கவலப்படாதக்கா. டைப் பண்ணவ நானு. வந்தான்னுதான் இருக்கும். எப்டியாச்சும் எடுத்தாந்து காட்டறேன்.”

ஃபார்மேட் ஆன பத்தே நாளில் அந்த டிஸ்க் செத்துப்போய், வேறு போட்டார்கள். பழையது ஸ்டோர் ரூம் அட்டைப்பெட்டியில் கிடந்தது. டிபன் பைக்குள் ரசம் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கேட்டில் பையைத் தடவுகிறவர்கள் தோல் துண்டைத்தான் தேடுவார்கள்.

எலியாஸ் டிஸ்கை மாட்டிப் பார்த்தான். அசைவில்லை. திருப்பி, அடியில் இருந்த பச்சை போர்டைக் கழற்றினான். அதன் முனைகளெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன.

“உங்க கம்பெனி பின்னாடி தோல் பதனிடற ஷெட்டு காத்துக்கா இது. கொலுசே கறுக்குது, இது தாங்குமா?” என்று பென்சில் ரப்பரை எடுத்து ஒவ்வொரு முனையாகத் தேய்த்தான். பளிச்சென்று ஆனதும் மறுபடி மாட்டினான். டிஸ்க் உறுமிக்கொண்டு சுற்றியது.

“சுத்தி இன்னா பிரயோஜனம்? நீதான் வழிச்சி எடுத்துட்டியே.”

“இல்லக்கா. சி எதுவரைக்கும், டி எங்கேருந்துன்னு முன்னாடி எல்லை எழுதி வெச்சிருக்கும். அதத்தான் அழிச்சேன். புது விண்டோஸ் முன்பாதியில உக்காந்துகிச்சி. பின்பாதிய யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. டி எங்க ஆரம்பிச்சதுன்னு கண்டுபுடிச்சி, பழைய எல்லைய நானே திரும்ப எழுதணும்.”

முதலில் டிஸ்கை அப்படியே இன்னொன்றில் நகல் எடுத்தான். பிறகு நகலில் தேடினான். திரை முழுக்க எண்கள் ஓடின. இரண்டு மணி நேரம். நான் எதுவும் சாப்பிடவில்லை, அவனையும் சாப்பிட விடவில்லை.

“சிக்கிச்சி!” என்று கத்தினான். ஏதோ எண்களை அடித்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். டி டிரைவ் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு ஃபைல் என்று நான் வைத்தது வைத்தபடி வரிசையாக நின்றது. கர்த்தாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமையைத் திறந்தேன். சௌந்தர்யா பெயருக்கு நேரே ‘ஏ’ என்று இருந்தது. ஆப்சென்ட்.

“பாவிப்பய! மாத்திட்டான் பார்றா!” என்று ஆதிகேசவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன்.

எலியாஸ் மெதுவாகச் சொன்னான். “மாத்தலக்கா. கடைசியா சேவ் பண்ண டைம் பாரு. அன்னிக்கி காலைல எட்டு முப்பத்தொண்ணு. விரல் போனது பதினோரு மணிக்கின்னு சொன்னியே.”

அந்த நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஆள் நான் ஒருத்திதான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். எட்டு பத்துக்கு மேல் வந்தால் ‘ஏ’. ஆனால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மதியம்வரை சம்பளமில்லாமல் வேலை வாங்கிக்கொண்டு, அதன்பிறகுதான் அரை நாள் எழுதுவார்கள். ரயில்வே கேட் மூடினால் போதும், ஒரே காலையில் இருபது ‘ஏ’ அடிப்பேன். அந்த இருபது பேரும் உள்ளே மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு வருஷமாக அடிக்கிறேன். அடித்ததுகூட நினைவில் நிற்காத அளவுக்குப் பழகிப்போயிருந்தது. வெட்கம் கெட்ட கை.

சட்டென்று இன்னொரு ஃபைல் நினைவுக்கு வந்தது. லைன் சூப்பர்வைசர்கள் மணிக்கொரு தரம் சீட்டில் அனுப்பும் உற்பத்திக் கணக்கையும் நான்தான் அடிப்பேன். திறந்தேன். அதே புதன்கிழமை, நம்பர் பிரஸ், சௌந்தர்யா. ஒன்பது மணிவரை எழுபது துண்டு. ஒன்பதிலிருந்து பத்துவரை நூற்றி நாற்பது. பத்திலிருந்து பதினொன்றுவரை நூற்றி முப்பத்தாறு. அதற்குப்பிறகு காலி.

வராத பெண் முந்நூற்று நாற்பத்தாறு துண்டு குத்தியிருக்கிறாள். இந்த இரண்டு தாளையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாதென்றுதான் ஆதிகேசவனுக்கு அந்த அவசரம்.

“அப்டின்னா சரியாப்போச்சு” என்றான் எலியாஸ். “உற்பத்தி ஷீட்ட மட்டும் குடு. அட்டெண்டன்ஸ வெளிய காட்டாத. இல்லன்னா அந்த ‘ஏ’வ ‘பி’யா, பிரசென்ட்டா மாத்திடறேன், நேரத்தையும் சேத்து. உன் பேரு எதுக்குக்கா இதுல?”

“ஒரு தடவ அழிச்சது போதாதா உனக்கு?” நான் போட்ட சத்தத்தில் கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஆறு வருஷ ஃபைலு மொத்தத்தையும் சிடியில போடு. இந்த ரெண்டையும் பிரிண்ட் எடு. ஒரு எழுத்து மாறுச்சி, கைய ஒடிச்சிடுவேன்.”

தாள்கள் வந்தன. அட்டெண்டன்ஸ் தாளின் அடியில் பேனாவால் எழுதினேன். “இந்த ‘ஏ’வை அடித்தவள் டைம் ஆபீஸ் கிளார்க் ஃபீபி ஆகிய நான். அடிக்கும்போது சௌந்தர்யா என் மேஜைக்கு எதிரே நின்றிருந்தாள்.”

எழுதும்போதுதான் அவள் குரல் திரும்ப வந்தது. “ரயில்வே கேட்டு போட்டுட்டாங்கக்கா. ஏழே நிமிஷம்க்கா.” நான் அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதையும் எழுதினேன். “பேசாதே, போய் மெஷினில் உட்கார் என்று அவளை அனுப்பியதும் நான்தான்.”

கையெழுத்துப் போட்டேன்.