கல்யாணத் துணிக்கு அடியில் நின்ற பிள்ளை

வாரினுக்கு இருபத்தொரு வயது நிறைந்துவிட்டது என்று சத்தியம் செய்ய எங்கள் கெல்தோர்ப் ஊரிலிருந்து பன்னிரண்டு பேரை அழைத்திருந்தார்கள். நானும் ஒருவன். தவக்காலத்தின் முதல் வாரம். உப்புக்கருவாடும் கம்பு ரொட்டியும் தின்றுவிட்டு, இருந்ததில் நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டு மாளிகைக் கூடத்துக்குப் போனோம்.

விஷயம் இதுதான். வாரினின் தந்தை இங்க்ரம் ஐயா தம் நிலத்தை அரசரிடமிருந்தே நேரடியாக வாங்கி ஆண்டவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன், ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் அவர் இறந்தார். மனைவி சபீனா அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்கு வயது வராததால் நிலம் அரசர் கைக்குப் போயிற்று. வாரிசுக்கு வயது வரும்வரை நிலத்தை வைத்து ஆளும் அந்தக் காவல் உரிமையை அரசர் ஃபுல்க் பிரபுவுக்கு விற்றார். ஃபுல்க் வந்த முதல் மாதத்திலேயே மேற்குக் காட்டு ஓக் மரங்கள் சாயத் தொடங்கின. வாரினுக்கு வயது வந்துவிட்டது என்று நிரூபித்துவிட்டால் மறுநாளே ஃபுல்க் மூட்டை கட்டவேண்டும். அதற்காகத்தான் நாங்கள்.

அரசரின் நில அதிகாரி லிங்கனிலிருந்து வந்திருந்தார். மெலிந்த மனிதர், நல்ல சளி. பக்கத்தில் ஓர் எழுத்தர். எதிரில், கையுறையைக் கழற்றாமலே ஃபுல்க். வாரினை அவன் அப்பாவின் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். அவன் தங்கை இடோனியா தூணருகே நின்றாள். வீட்டுச் சாவிகள் முழுவதும் அவள் இடுப்பு வாரில் தொங்கின. விசாரணை முடிந்ததும் அவற்றை அண்ணன் கையில் கொடுப்பதாகப் பேச்சு.

பிறந்த தேதியை எங்கள் ஊரில் யாரும் எழுதி வைப்பதில்லை. அன்றைக்குத் தனக்கு என்ன நடந்தது என்பதைக் கொண்டுதான் ஒவ்வொருவரும் சாட்சி சொல்லவேண்டும். முதலில் எழுந்தவன் கூரை வேயும் கேமல்.

“சின்னய்யாவுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்னிக்குத்தான் பனியில வழுக்கி இந்தக் காலை ஒடிச்சிக்கிட்டேன். பாருங்க, இன்னும் நொண்டுறேன்.”

“பனி என்னய்யா பண்ணும், உள்ள போன சரக்கு தள்ளிவிட்டிருக்கும்” என்றான் பின்னாலிருந்து ஒருவன். அதிகாரிகூடச் சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தவனுக்கு அன்றைக்குப் பன்றி செத்திருந்தது. அதற்கடுத்தவனுக்குக் கொட்டகை எரிந்திருந்தது. நான் என் முறைக்கு, அன்றைக்குத்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள் என்றேன். அது உண்மையும்கூட.

ஃபுல்க் மேசையைத் தட்டினார். “ஒரே நாள்ல ஊர்ல பாதிப் பேருக்குக் கால் உடையுது, கொட்டகை எரியுது. அது வருஷா வருஷம் நடக்கிறதுதானே? எந்த வருஷம்னு ஒருத்தனாவது சொல்றானா? பையனுக்குப் பத்தொன்பதுதான்.”

அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. “வருஷம் பிடிபடுற மாதிரி யாராவது சொல்லுங்கப்பா” என்றார்.

ஓடோ எழுந்தான். ஊருக்கே பீர் காய்ச்சுகிறவன். வாரினைத் தோளில் தூக்கி வளர்த்தவன் என்றே சொல்லலாம். முகமெல்லாம் சிரிப்பு.

“ஐயா, பன்னி கதையெல்லாம் விடுங்க. நான் கையால தொட்டதைச் சொல்றேன். நம்ம பக்கத்து பாஸ்டன் சந்தையைக் கொள்ளைக்காரப் பசங்க கொளுத்தினாங்களே, அந்த வருஷம். ஊரு நாடு எல்லாத்துக்கும் தெரியும். அந்த அறுப்பு முடிஞ்சுதான் இங்க்ரம் ஐயா கல்யாணம். கோயில் வாசல்ல மோதிரம் போட்டாங்க. உள்ள போய் மண்டி போட்டப்போ தலைக்கு மேல வெள்ளைத் துணி பிடிச்சாங்க. ஒரு மூலை நான் பிடிச்சேன். அந்தத் துணிக்கு அடியில நம்ம சின்னய்யா அம்மா பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ரெண்டு முடிஞ்சு மூணு நடக்குது அப்போ. கையில ஒரு ஆப்பிள். நீங்களே கூட்டிப் பாருங்க, இருபத்தொண்ணு வருதா இல்லையா!”

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நல்லா சொன்னான் என்று நான்கூட முணுமுணுத்தேன். வாரினும் சிரித்தான். அந்த ஆப்பிள் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் அவன்.

எழுத்தரின் இறகுப் பேனா நின்றுபோயிருந்தது. அவர் அதிகாரியைப் பார்த்தார்.

“அவங்க அப்பா அம்மா கல்யாணத்துலயா?” என்றார் அதிகாரி மெதுவாக.

“ஆமாங்க. அவங்க கல்யாணத்துலதான்.”

“அதுக்கு முன்னாடி கோயில் வாசல்ல வேற கல்யாணம் எதுவும் நடக்கலையா?”

“அது எப்படிங்க நடக்கும்? ஐயா வேல்ஸ் சண்டைக்குப் போயிருந்தாரு. போறதுக்கு முன்னால தோட்டத்துல கையைப் பிடிச்சு வாக்குக் கொடுத்துட்டுப் போனாரு. திரும்பி வந்து முறையா முடிச்சாரு.” ஓடோவின் சிரிப்பு லேசாக ஆடியது. “அதுக்கென்னங்க? துணிக்கு அடியில நின்ன பிள்ளை சுத்தமான பிள்ளைன்னு பாதிரியாரே சொன்னாரே.”

“சபைக்குச் சுத்தம்தான்” என்றார் அதிகாரி. “எங்க தாத்தா காலத்துல ஆயர்கள் எல்லாம் சேர்ந்து ராஜாகிட்ட இதையேதான் கேட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்த பிள்ளைக்கும் சொத்து சேரணும்னு. பிரபுக்கள் ஒத்துக்கல. இங்கிலாந்துச் சட்டத்தை மாத்த விடமாட்டோம்னு ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அதான் சட்டம். பையனுக்கு இருபத்தொண்ணு ஆச்சு, நிரூபிச்சிட்டீங்க. ஆனா அவன் வாரிசு இல்ல.”

கல்யாணத்துக்கு முன் பிறந்தவன் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது? அது ரகசியமே இல்லை. அந்த வெள்ளைத் துணியை நாங்கள் பெருமையாகத்தான் பேசிவந்தோம். என் மனைவி அதை இரவல் வாங்கி எங்கள் அண்ணன் மகள் கல்யாணத்தில்கூடப் பிடிக்க வைத்தாள். கேட்கக்கூடாத ஒருவர் காதில் அதைச் சொன்னால் ஒரு மனிதனின் வீடு போய்விடும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

வாரின் நாற்காலியிலிருந்து எழுந்தான். யாரும் எழச் சொல்லவில்லை. நெருப்பு சுட்டதுபோல எழுந்து அதன் பின்னால் போய் நின்றான்.

ஓடோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஃபுல்க்குக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. தோற்றுப்போகத் தயாராக வந்தவர் அவர். பிறகு அவருடைய பார்வை தூணருகே போயிற்று.

“அப்போ கல்யாணத்துக்கு அப்புறம் பிறந்த பொண்ணுதான் வாரிசு” என்றார். “வயசு வராத பொண்ணு. காவல் என்கிட்ட. அவளைக் கட்டிக்கொடுக்கிற உரிமையும் என்கிட்ட. எங்க அக்கா மகன் ஒருத்தன் ரெண்டு தாரம் இழந்துட்டு உட்கார்ந்திருக்கான். ஈஸ்டர் முடியட்டும்.”

இடோனியா சாவிக்கொத்தை இறுகப் பிடித்தாள். அது குலுங்கிய ஓசை கூடம் முழுவதும் கேட்டது.

அதிகாரி கையை உயர்த்தினார். “பொறுங்க. அப்பா சாகும்போது பதினாலு நிறைஞ்ச பொண்ணு யார் காவலுக்கும் வரமாட்டா. அவளுக்கு அப்போ என்ன வயசு?”

“பதிமூணு. அதுக்கடுத்த தவக்காலத்துலதான் பதினாலு” என்றார் ஃபுல்க், யோசிக்காமலே.

“அவ வயசை விசாரிக்கத் தனியா ஆணை வரணும். ஆனா நீங்க பன்னிரண்டு பேரும் இன்னும் சத்தியத்துலதான் இருக்கீங்க. சொல்றதை எழுதி மேல அனுப்புறேன். யாருக்காவது அவ பிறந்தது ஞாபகம் இருக்கா?” என்றார் அதிகாரி.

சற்றுமுன் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பேசிய பன்னிரண்டு பேர் நாங்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. தெரியாமல் இல்லை. எங்கள் ஞாபகத்தைக் கண்டு எங்களுக்கே பயம் வந்துவிட்டது. எதைச் சொன்னால் எது இடியும், யாருக்குத் தெரியும்? கேமல் தன் நொண்டிக் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு ஞாபகம் இருக்கு” என்றான் வாரின்.

“நீ வழக்குக்காரன்” என்றார் ஃபுல்க்.

“எனக்கு ஏதுங்க வழக்கு? நான்தான் யாருக்கும் வாரிசு இல்லையே. இப்பத்தானே சொன்னாங்க.”

அதிகாரி அவனை அருகே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார், ஆனாலும் எங்களுக்குக் கேட்டது. “தம்பி, யோசிச்சுப் பேசு. தோட்டத்துல கொடுத்த வாக்கே கல்யாணம்னு ராஜா கோர்ட்டுல நீ வாதாடிப் பார்க்கலாம். ஜெயிக்கிறது கஷ்டம், ஆனா கதவு திறந்திருக்கு. இவதான் வாரிசுன்னு உன் வாயாலயே இன்னிக்குச் சொல்லிட்டா அதையும் நீயே சாத்திடுவே.”

“அந்த வழக்கு முடியறதுக்குள்ள அந்த ஆளு வீட்டுல இவளுக்கு ரெண்டு பிள்ளை பிறந்திருக்கும்.”

“அண்ணா, வேணாம்” என்றாள் இடோனியா.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. வேதப் புத்தகத்தின் மேல் கையை வைத்தான். குரல் நடுங்கவில்லை.

“ராணியோட சவப்பெட்டி லிங்கன்லேருந்து தெக்கே போன வருஷம். டிசம்பர். அப்பா என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு பெரிய ரோட்டு ஓரம் நின்னாரு. கறுப்புத் துணி போட்ட குதிரைங்க வந்துச்சு. அப்போ வீட்டுலேருந்து ஒரு ஆள் ஓடி வந்து பொண்ணு பிறந்திருக்குன்னு சொன்னான். செத்த ராணி போற நேரத்துல சிரிக்கக்கூடாதுன்னு அப்பா தொப்பியால வாயை மூடிக்கிட்டாரு. அவர் உடம்பு குலுங்கினது என் காலுக்குத் தெரிஞ்சுது. என் தங்கச்சி அன்னிக்குப் பிறந்தவ. அவதான் எங்கப்பாவோட வாரிசு.”

எழுத்தர் விரல்விட்டு எண்ணினார். “இங்க்ரம் சாகும்போது பதினாலு முடிஞ்சு ஒரு மாசம்” என்றார்.

ஒரே மாசம்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். “வேற யாரு ரோட்டோரம் நின்னது?”

யார்தான் நிற்கவில்லை? கேமல்தான் முதலில் எழுந்தான். பிறகு நான். தொப்பியை நானும் பார்த்தேன், செய்தி கொண்டு ஓடிவந்த ஆள் என் மைத்துனன்தான் என்றேன். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். இந்தமுறை யாரும் கேலி பேசவில்லை. ஒவ்வொருவர் எழும்போதும் வாரினின் வீடு இன்னும் கொஞ்சம் அவனை விட்டுப் போவது எங்களுக்குத் தெரிந்தது. அவனும் அதை நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஓடோ ஒருவன்தான் மிச்சம். வாயைப் பொத்திய கையை அவன் இன்னும் எடுக்கவில்லை.

“நீ என்னப்பா சொல்றே?” என்றார் அதிகாரி.

ஓடோ வாரினைப் பார்த்தான்.

“சொல்லு ஓடோ” என்றான் வாரின். “உனக்கு ஞாபகம் இல்லாததா?”

ஓடோ கையை எடுத்தான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஃபுல்க் தம் ஆட்களைக் கூப்பிட்டுக் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். இடோனியா சாவிக்கொத்தை இடுப்பு வாரிலிருந்து கழற்றி அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. பின்வாங்கி வாசல் பக்கம் போய், எங்கள் வரிசையில், ஓடோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.