எம்மா ராணியின் முதல் கணவர்

விமலாதேவிக்கு இங்கிலாந்தின் பழைய ராசாக்கள்மேல் பைத்தியம் பிடித்தது ரயிலில்தான். பரமட்டாவில் ஏறி நகரத்து ஆய்வுகூடத்து வேலைக்குப் போகும் வழியில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு வரலாறு கேட்பாள். யார் செத்தார்கள், யார் தம்பியைத் துரத்திவிட்டு முடிசூடினார்கள் என்பதெல்லாம் அன்றிரவே நார்த்மீட் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும்.

"இஞ்சாருங்கோ, எதெல்ரெட் எண்டு ஒரு ராசா. டென்மார்க்கில இருந்து வந்தவங்கள் அவரை நாட்டை விட்டே துரத்தினவங்கள். பிறகு திரும்பி வந்து லண்டனில செத்துப்போனார். அவற்ற பெண்சாதி எம்மா என்ன செய்தா தெரியுமோ? துரத்தினவன்ர மகன் கனூட்டையே கட்டினா!"

"புருசன் செத்த சூடு ஆறமுன்னமோ?" என்றார் அவள் கணவர் வரதராஜா, புட்டைக் குழைத்தபடி.

"அடுத்த வருசமே. அதுவும் சும்மா இல்லை. எனக்குப் பிறக்கிற பிள்ளைதான் அடுத்த ராசா எண்டு நிபந்தனை போட்டுத்தான் கட்டினவ. கெட்டிக்காரி!"

வரதராஜாவுக்கு அந்தக் கெட்டிக்காரியைத் துளியும் பிடிக்கவில்லை.

பிளாக்டவுனில் சனிக்கிழமைகளில் பழங்காலப் போர்வீரர்போல இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு வாள் சுழற்றும் குழு ஒன்று இருந்தது. அதன் தலைவி மொய்ரா. வசந்தகாலத் திருவிழாவுக்கு எம்மா ராணியின் கதையை நாடகமாகப் போட நினைத்திருந்தாள். விமலாதேவி குழுவில் சேர்ந்த முதல் நாளே எம்மாவின் இரண்டு கணவர்களையும் பிள்ளைகளையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். மொய்ரா அந்த இடத்திலேயே மகுடத்தை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டாள்.

கனூட்டாக நடித்தவன் கெல்லிவில்லில் குடியிருக்கும் கௌரிசங்கர். கணினி வேலை, ஆறடி உயரம், தாடி, கோயம்புத்தூர்க்காரன். விமலாதேவியைவிடப் பல வயது இளையவன். எம்மாவும் கனூட்டுக்கு மூத்தவள்தான் என்று மொய்ரா அவனைச் சமாதானப்படுத்தியிருந்தாள். ஆனாலும் ஒத்திகையில் "என்னை மணந்துகொள், ராணி" என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டிய இடம் வந்தால் காது சிவந்துவிடும். "சாரி ஆன்ட்டி" என்று முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மண்டியிடுவான்.

மனைவியைக் கூட்டிவந்து இறக்கிவிட்டு, காரிலேயே இருந்து கிரிக்கெட் கேட்பது வரதராஜாவின் வழக்கம். மைதானத்திலிருந்து விமலாதேவியின் சிரிப்பு கேட்கும். இப்படி அவள் வாய்விட்டுச் சிரித்து அவர் வீட்டில் கேட்டு எவ்வளவோ காலம். அந்த நேரங்களில் ஸ்கோர் அவர் காதில் ஏறாது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் எதெல்ரெட்டாக நடித்தவர் பெர்த்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மொய்ரா நேரே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். வசனம் எதுவும் கிடையாது, கட்டிலில் படுத்துச் செத்தால் போதும் என்றாள்.

"நான் செத்தாப் பிறகு இந்த எம்மா ஆரைக் கட்டுவா?" என்று வரதராஜா விமலாதேவியைக் கேட்டார்.

அவள் கௌரிசங்கரைக் காட்டினாள். அவன் தூரத்தில் நின்று பணிவாகக் கையசைத்தான்.

"சரி, நான் சாகிறன்" என்றார் வரதராஜா.

திருவிழா நாளன்று வெயில் எரித்தது. வைக்கோல் கட்டுகளில் சனம் நிறைந்திருந்தது. மொய்ரா ஒலிவாங்கியில் கதை சொல்ல, வரதராஜா இரண்டு முறை இருமி, கையை மார்பில் வைத்து, மிக மரியாதையாகச் செத்தார். எதெல்ரெட்டின் முதல் மனைவியின் மகன் எட்மண்ட் சில மாதம் அரசாண்டு, அவனும் போய்ச் சேர்ந்தான். கனூட் வாளோடு வந்து ராணியின் முன்னால் மண்டியிட்டான். விமலாதேவி நிமிர்ந்து நின்று நிபந்தனையைச் சொன்னாள். என்ன கம்பீரம்! சனம் கைதட்டியது.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"இஞ்சரும், எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டனீரோ?"

சனம் ஒரு நொடி திகைத்து, பிறகு கொல்லென்று சிரித்தது. விமலாதேவியின் மகுடம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"செத்த ஆள் கதைக்கப்படாது. படுங்கோ!"

"முதல்ல நீர் அழும். பிறகு படுக்கிறன்."

"நாடகத்தில அழுகை இல்லை!"

"இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தினனாங்கள். ஒரு அழுகை இல்லையோ?"

முன்வரிசையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மனைவியிடம் குனிந்தார். "பார்த்தாயா, அந்தக் காலத்து ஆங்கிலத்தை அப்படியே பேசுகிறார்கள்" என்றார். மொய்ரா ஒலிவாங்கியில், "மன்னர் இறப்பதற்குச் சற்றுத் தயங்கினார்" என்றாள்.

கௌரிசங்கர் மண்டியிட்டபடியே கட்டிலருகே நகர்ந்து வந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அங்கிள், இந்த இரும்புச் சட்டை கொதிக்குது. தயவுசெஞ்சு கொஞ்சம் சீக்கிரம் செத்துருங்க."

"தம்பி, நீர் பொறும். இது புருசன் பெண்சாதிப் பிரச்சினை."

"நானும் இப்ப புருஷன் ஆகப்போறவன்தானே அங்கிள்?"

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். விமலாதேவிக்குச் சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கண்ணில் நீர் வழிந்தது. வரதராஜா அவளையே பார்த்தார். காருக்குள் இருந்து கேட்ட அதே சிரிப்பு, இவ்வளவு கிட்டத்தில்.

"அழுறீர்தானே?" என்றார், குரல் இளகி.

"சிரிக்கிறன்!"

"எனக்கு அதுவும் போதும்."

விமலாதேவி மகுடத்தை நேராக்கினாள். கோயிலில்கூடப் புருசனுக்கு இரண்டு அடி தள்ளி நிற்பவள், இத்தனை சனத்துக்கு நடுவில் குனிந்து, அவர் நெற்றியில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள். வரதராஜா அப்படியே மல்லாந்து விழுந்தார். பிணத்தின் வாய் காதுவரை விரிந்திருந்தது. கனூட் அவசர அவசரமாக முடிசூடினான். கைதட்டலில் பக்கத்துக் கூடாரத்து ஆடுகள் மிரண்டு கத்தின.

எல்லாம் முடிந்ததென்று நினைத்தால், எம்மாவுக்கும் கனூட்டுக்கும் பிறந்த மகன் ஹார்தகனூட்டாக நடிக்கவேண்டியவன் வெயிலில் மயங்கிக் கூடாரத்துக்குள் படுத்திருந்தான். கனூட்டும் செத்து, அவனுடைய மற்றப் பெண்சாதியின் மகன் ஹெரால்டும் செத்து, சிம்மாசனம் காலியாக நின்றது. மொய்ரா பதறினாள். கட்டிலில் இருந்த பிணம் கையை உயர்த்தியது.

"நான் வாறன்."

போர்வையை உதறிவிட்டு வந்த வரதராஜா, விமலாதேவியின் காலைத் தொட்டு, சனம் முழுக்கக் கேட்க, "அம்மா!" என்றார். விமலாதேவி முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின.

ஹார்தகனூட் ஒரு கல்யாண விருந்தில் குடித்துக்கொண்டு நின்றபடியே விழுந்து செத்தவன். வரதராஜா கிண்ணத்தை உயர்த்தினார். குடித்தார். தள்ளாடினார். செத்துக் கிடந்த கௌரிசங்கர்மேல் சரிந்தார், எழும்பினார், வைக்கோல்மேல் விழுந்தார், மறுபடி எழும்பி இன்னொரு வாய் குடித்துவிட்டு விழுந்தார். சனம் எழுந்து நின்று விசிலடித்தது. இன்னொருமுறை சாகும்படி பிள்ளைகள் கத்தினார்கள். அவர் மனம் கோணாமல் இன்னொருமுறை செத்தார்.

வீட்டுக்குப் போகும்போது உடை மாற்றக்கூட இருவருக்கும் பொறுமையில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த பெண் விமலாதேவியின் மகுடத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். விமலாதேவி ராணி மாதிரியே தலையசைத்தாள்.

"அடுத்த வருசம் ஆயிரத்து அறுபத்தாறு செய்யப்போறாவாம் மொய்ரா" என்றாள். "ஒரே வருசத்தில மூண்டு ராசாக்கள் சாகினம்."

வரதராஜா ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"மூண்டையும் எனக்கே தரச் சொல்லும்."