அத்தான் கொடுத்த கடை

அத்தானிடம் ஓசியில் ஓர் ஆணிகூட வாங்க முடியாது. தள்ளுவண்டியில் ஆணி விற்று, பிறகு சிமெண்ட் கடை போட்டு, வியாபாரிகள் சங்கத் தலைவராகி, சட்டசபை வரைக்கும் ஏறியவர். ஜெயித்த கையோடு அந்தக் கடையையே என் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்றால் சந்தேகம் வராதா? பதவியில் இருந்துகொண்டு வியாபாரம் செய்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். நான் பெயருக்கு முதலாளி, நிர்வாகம் அவருடையதாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிற கதைதான்.

அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். உனக்கும் ஊரில் ஒரு மரியாதை வேண்டாமா, கையெழுத்தைப் போடு என்றாள். அவள் சொல்லை நான் தட்டியதே கிடையாது. போட்டேன்.

முதலாளியான பிறகும் கிடங்கில் மூட்டை அடுக்கியது நான்தான். சிமெண்ட் மூட்டையின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அமுங்கினால் நல்ல சரக்கு, கல்லாக நின்றால் ஈரம் ஏறியது. மழை விட்டதும் பார்த்தால் பின்வரிசை முழுக்கக் கல். கொட்டிவிடச் சொன்னேன். அடுத்த வாரம் அங்கே புதுப் பைகள் நின்றன, விரல் நன்றாக அமுங்கியது. பக்கத்திலேயே சம்மட்டியும் சல்லடையும் கிடந்தன. கட்டியை உடைத்துச் சலித்து மறுபடி மூட்டை கட்டியிருக்கிறார்கள், பாவிகள்! லாரிக்காரரைக் கேட்டேன். பாதி ஏற்கெனவே பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விட்டதாம்.

அத்தானுக்குப் போன் போட்டேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் மச்சான் என்று வைத்துவிட்டார்.

கட்டி முடித்துத் திறந்த கொஞ்ச நாளிலேயே, ஒரு விடுமுறையன்று அந்தப் பள்ளிக்கூடக் கூரை இடிந்து இறங்கியது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. அன்று மாலை அத்தான் டிவியில் வந்தார். கடைக்காரன் என் சொந்தக்காரனாகவே இருந்தாலும் விடமாட்டேன் என்றார். கூட்டம் கைதட்டியது. என்னைக் காலையில் விசாரணைக்கு வரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. ஜெயில்தான் என்று புரிந்துபோனது.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் அத்தானின் வெள்ளைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கூட இருந்தே குழி பறித்துவிட்டார் உன் புருஷன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவரைத் திட்டாதடா. முதல்ல என் பேர்லதான் மாத்தணும்னாரு."

"அப்புறம்?"

"எனக்குப் பயமா இருந்துச்சு. பிள்ளைங்க இருக்காங்கல்ல. நீ ஒத்தை ஆளுதானேன்னு நான்தான் உன் பேரைச் சொன்னேன்."